கணக்கு வாத்தியார் சாரண ஆசிரியரான கதை

எங்கள் பள்ளியில் சாரணர் படையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஓய்வு பெற்றதும், "இருக்கறதுலேயே நீங்கதான் சின்ன வயசு" என்று சொல்லி எச்.எம். அந்தப் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார். எனக்கு ஸ்கார்ஃப்பை எப்படி மடிப்பது என்றுகூடத் தெரியாது.

முதலில் அடிப்படைப் பயிற்சி, ஏழு நாள் அங்கேயே தங்கவேண்டும். ஏதோ வகுப்பெடுப்பார்கள், குறிப்பெடுத்துக்கொள்ளலாம் என்று நோட்டோடு போனேன். போனால், தொப்பை போட்ட வாத்தியார்களை அணி அணியாகப் பிரித்து, பையன்களை நடத்துவதுபோலவே நடத்தினார்கள். நான் மயில் அணி. விசில் அடித்தால் ஓடிப்போய் குதிரை லாட வடிவில் நிற்கவேண்டும், குச்சிகளைக் கயிற்றால் கட்டிச் செருப்பு ஸ்டாண்டு செய்யவேண்டும் (க்ளோவ் ஹிட்ச் என்ற முடிச்சு போட வராமல் ஒருநாள் ராத்திரி கொசுவலைக் கயிற்றில் போட்டுப் பழகினேன்), சமையலும் நாங்களேதான். ஒருநாள் அடுப்பு மூட்டும் வேலை எனக்கு. ஈர விறகு, புகைதான் வந்தது. எங்கள் அணித் தலைவர் என்னைவிடப் பத்து வயது சின்னவர், கிராமத்துக்காரர், ஒரு நிமிடத்தில் பற்றவைத்துவிடுவார். ஆனால் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றார். சாப்பிட மூன்று மணி ஆனது. அன்றைக்கு அவர்மேல் எனக்குச் சரியான கோபம்.

திரும்பி வந்து 24 பையன்களை மூன்று அணியாகப் பிரித்தேன். முதல் இரண்டு மாதம் எல்லாம் நானே செய்தேன், அவர்கள் கணக்கு வகுப்பில் உட்காருவதுபோல உட்கார்ந்திருந்தார்கள். அப்புறம்தான் அந்த ஈர விறகு ஞாபகம் வந்தது. அணித் தலைவர்கள் கூடிப் பேசும் கோர்ட் ஆஃப் ஆனர் என்று ஒன்று உண்டு, அதைக் கூட்டி, "அடுத்த நடைபயணம் உங்களுடையது, எங்கே, என்ன சமையல், நீங்களே முடிவு பண்ணுங்க" என்று சொல்லிவிட்டேன். பெற்றோர் சம்மதக் கடிதம், முதலுதவிப் பெட்டி, கூட வர இன்னொரு ஆசிரியர், இந்த மூன்றை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. கிணறு, குளம் இருக்கும் இடமா என்று முன்னாடியே தனியாகப் போய்ப் பார்த்தும் வந்தேன்.

உப்பு, பருப்பு, கறிவேப்பிலை வரை எடுத்துவந்தவர்கள் தீப்பெட்டியை மறந்துவிட்டார்கள். என் சட்டைப் பையில் ஒன்று இருந்தது. வாயைத் திறக்கவில்லை. ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் பேசாமல் நடக்க ஆரம்பித்தான், டீக்கடை ஒரு கிலோமீட்டர் இருக்கும், அவன் அணியும் பின்னாலேயே போனது. கூட வந்த ஆசிரியரைப் பின்னால் அனுப்பிவிட்டு உட்கார்ந்தேன். சாம்பார் சாதம் தயாரானபோது மணி இரண்டரை.