அரை டேங்க் டீசல்

“பம்ப்பை இறக்கியே ஆகணும்னு சொல்லிப்போட்டாங்கண்ணா. இருபத்தஞ்சாயிரம் ஆகுமாம். எங்கிட்ட ஆறுதான் இருக்குதுங்க.”

நாமக்கல்லில் என் பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தியதும் லாரிக்காரர் சொன்ன முதல் பேச்சு இது. எஞ்சினுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் பெரிய பம்ப்பைத்தான் சொன்னார். வண்டி பழைய டாடா 1613 லாரி, ஆறு சிலிண்டர். ஓனரும் அவரே, டிரைவரும் அவரே. சேலத்திலிருந்து ஜவ்வரிசி லோடு ஏற்றி பெங்களூர் போகையில் தொப்பூர் மேட்டில் இழுவை குறைந்து நின்றுவிடுகிறதாம். இறங்கி, டீசலைக் கையால் இறைக்கும் ஹேண்ட் பிரைமரை நாற்பது ஐம்பது தடவை அடித்தால் ஸ்டார்ட் ஆகும். இரண்டு கிலோமீட்டர் போனால் மறுபடியும் நிற்கும்.

பிரைமர் அடித்தால் ஓடுகிறது என்றால் லைனில் ஏர் புகுகிறது என்று அர்த்தம். டீசலை அழுத்தினால் சுருங்காது, காற்று சுருங்கிவிடும். சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் நாசில் திறக்க ஏறக்குறைய 200 பார் அழுத்தம் வேண்டிய இடத்தில் பம்ப் வெறும் காற்றை நசுக்கிக்கொண்டிருக்கும். இது தெரிந்திருந்தும் நான் செய்ததைச் சொல்ல இப்போதும் கூச்சமாக இருக்கிறது. டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்ப்பில்தான் கோளாறு என்று நானே முடிவுகட்டி, அவருடைய பணத்தில் 1,400 ரூபாய்க்கு வால்வு, ஸ்பிரிங் அடங்கிய கிட் வாங்கிப் போட்டேன். ஃபில்டர் இரண்டையும் மாற்றினேன். ஏர் எடுத்துவிட்டுச் சோதனை ஓட்டம் போனோம். வளையப்பட்டி தாண்டவில்லை, நின்றுவிட்டது.

ரோட்டோரம் பிரைமர் அடித்துக்கொண்டே அவர் சொன்னார், “டேங்க் நெறைய அடிச்சிருந்தா இந்தத் தொந்தரவே இல்லீங்கண்ணா. பாதிக்குக் கீழ போனாத்தான் வம்பு பண்ணுது.”

இதை முதல்நாளே சொல்லியிருப்பார். காதில் வாங்காதது நான்தான்.

பட்டறைக்குத் திரும்பி, ஒரு கேனில் டீசல் ஊற்றி கேபின் ஓரம் உயரத்தில் கட்டித் தொங்கவிட்டு, டேங்க் லைனைக் கழற்றிவிட்டு, கேனிலிருந்து நேராக ஃபீட் பம்ப்புக்கு ஹோஸ் கொடுத்தேன். ஒரு மணி நேரம் ரேஸ் கொடுத்தும் எஞ்சின் அசரவில்லை. அப்படியானால் பெரிய பம்ப் குற்றவாளி இல்லை. (அதைச் செய்யும் மைக்கோ கம்பெனி 2008இல் பாஷ் என்று பெயர் மாறிவிட்டது, எங்கள் வாயில் இன்னும் மைக்கோ பம்ப்தான்.) பிறகு கொத்தனார் மட்டம் பார்க்கும் லெவல் டியூபில் ஒரு முழம் வெட்டி, டேங்க் லைனுக்கும் ஃபீட் பம்ப்புக்கும் நடுவில் சொருகினேன். டேங்கில் அரையளவுதான் டீசல் இருந்தது. சோடா பாட்டிலைப் போலக் குமிழ் ஓடியது.

உறிஞ்சும் பக்கத்து ஓட்டை இப்படித்தான் ஏமாற்றும். டீசல் வெளியே கசியாது, காற்றுதான் உள்ளே போகும். துணியால் துடைத்துப் பார்த்தாலும் எல்லா இடமும் காய்ந்தே இருக்கும்.

டேங்குக்குள் இறங்கும் உறிஞ்சு குழாயை வெளியே எடுத்து, ஒரு முனையை விரலால் அடைத்து, பஞ்சர் கடைக்காரர் மாதிரி பக்கெட் தண்ணீரில் முக்கி ஊதினேன். குழாயின் நடுப்பகுதியில், துரு அரித்த இடத்தில், குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை. டேங்க் நிறைந்திருந்தால் ஓட்டை டீசலுக்குள் மூழ்கிவிடும், வண்டி ஓடும். மட்டம் இறங்கினால் காற்றை இழுக்கும். அந்த வண்டியில் குழாய் டேங்கின் முன்பக்கமாக இருந்தது. மேடேறும்போது டீசல் பின்னால் சாய்ந்து, ஓட்டை இன்னும் சீக்கிரம் வெளியே தெரிந்துவிடும். தொப்பூரில் நின்றதற்குக் காரணம் அதுதான்.

குழாயை மட்டும் கொண்டுபோய் 200 ரூபாய்க்குப் பித்தளைப் பற்று வைத்து வாங்கினேன். டேங்கையே வெல்டிங்குக்குக் கொடுத்துவிட்டு உயிரை விட்டவர்கள் இந்தத் தொழிலில் உண்டு. காலி டேங்கிலும் ஆவி இருக்கும். டேங்கைக் கழுவினால் அடியில் அரை லோட்டா துருச் சேறு. டீசல் பைப்பை இணைக்கும் பேன்ஜோ போல்ட்டின் காப்பர் வாஷர்களைப் புதிதாக வாங்காமல், சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு மறுபடி உபயோகித்தேன். கத்தியை அப்படிச் செய்தால் இறுகும், செம்பு இளகிக்கொடுக்கும்.

மிச்சம் பிடிக்காத இடம் ஒன்று உண்டு. ஐடிலில் ஓடவிட்டு ஒவ்வொரு நாசில் பைப் நட்டாகத் தளர்த்திப் பார்த்ததில், மூன்றாவதைத் தளர்த்தியபோது எஞ்சின் சத்தம் மாறவேயில்லை. அந்த சிலிண்டர் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. அதன் நாசிலை மாற்ற வேண்டியிருந்தது. பாதி விலைக்கு டூப்ளிகேட் நாசில் கிடைக்கும் என்று அவர் இழுத்தார். “அதுல மட்டும் கை வைக்காதீங்க, பிஸ்டனுக்கு வெனை வந்துரும்” என்று ஒரிஜினலே வாங்க வைத்தேன்.

மறுநாள் கால் டேங்க் டீசலோடு தொப்பூர் ஏறிவிட்டு, மேலே நின்று போன் செய்தார். எஞ்சின் ஓடும் சத்தம்தான் முதலில் கேட்டது.

கணக்குப் பார்த்தபோது என் கூலியில் 1,400ஐக் கழித்துக்கொண்டேன். “எதுக்குங்கண்ணா?” என்றார். சொன்னேன். அவருடைய ஃபீட் பம்ப்பிலிருந்து கழற்றிய பழைய வால்வும் ஸ்பிரிங்கும் நல்ல நிலைமையில்தான் இருந்தன. மேசை டிராயரில் ரொம்ப நாள் கிடந்து, இன்னொரு வண்டிக்குப் போயின. அது இன்னும் ஓடுகிறது.