ஸ்லைடில் ஊசல் கடைசியில் ஒழுங்காக ஆடுகிறது

மூன்று மாலை போயிற்று. நேற்று ராத்திரி பவர்பாயிண்டில் ஸ்லைடை ஓட்ட ஷிஃப்ட்+எஃப்5 அழுத்தியதும் இரண்டு ஊசல்களும் பக்கத்தில் பக்கத்தில், நூல் பிசகாமல் ஆடின. பத்து நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மகளுக்குத் தனி ஊசல் பாடம். நீளம் நான்கில் ஒரு பங்கானால் அலைவு நேரம் (ஒரு தடவை போய்வர ஆகும் நேரம்) பாதியாகும் என்று புத்தகத்தில் இருக்கிறது, ஆனால் அது கண்ணில் தெரிய வேண்டும். அதனால் 100 செ.மீ. ஊசல் ஒன்று, 25 செ.மீ. ஊசல் ஒன்று. ஸ்லைடில் அவை 12 செ.மீ., 3 செ.மீ.

முதல் நாள் மோஷன் பாத்தில், அதாவது வரைந்த பாதையில் பொருளை நகர்த்தும் அனிமேஷனில், வீணானது. குண்டுக்கு வளைவுப் பாதை வரைந்தேன். குண்டு அழகாகப் போனது, நூல் அதோடு வரவில்லை. பாதை பொருளை நகர்த்தும், சாய்க்காது. நூலுக்கும் குண்டுக்கும் நடுவில் விழுந்த அந்த மெல்லிய இடைவெளி எவ்வளவு சரிசெய்தும் போகவில்லை.

அப்புறம் ஸ்பின், பொருளைச் சுழற்றும் அனிமேஷன். அது எப்போதும் பொருளின் நடுவைப் பிடித்துத்தான் சுற்றும். நமக்கோ நூலின் மேல்முனை நிலையாக நிற்க வேண்டும். வழி இதுதான்: நூலையும் குண்டையும் நகலெடுத்து, தலைகீழாகத் திருப்பி, மேல்முனையோடு முனை ஒட்ட வைத்து, நிறமும் கோடும் இல்லாமல் ஆக்கி, நான்கையும் ஒரே குரூப்பாக்க வேண்டும். இப்போது குரூப்பின் நடு, தொங்கும் புள்ளி. கண்ணுக்குத் தெரியாத மேல்பாதி ஸ்லைடுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை. இங்கே அவசரம் கூடாது. நகல் ஒரு மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலும் தொங்கும் புள்ளி தள்ளாடும். ஜூமை 400 சதவீதத்துக்கு ஏற்றி, அம்புக்குறி விசையால் நகர்த்திப் பொருத்தினேன். குரூப் பண்ணிய பிறகுதான் அனிமேஷன் போட வேண்டும். பிரித்தால் போட்டதெல்லாம் போய்விடும். எனக்கு இரண்டு தடவை போனது.

இன்னொரு இடத்தில் ஒரு மணி நேரம் மாட்டிக்கொண்டேன். குரூப்பைக் கடிகார திசையில் 10 டிகிரி சாய்த்தால் குண்டு இடப்பக்கம் போகும். அங்கிருந்து ஸ்பின் 20 டிகிரி, எதிர் திசையில். நான் அதையும் கடிகார திசையிலேயே விட்டிருந்தேன். ஊசல் நடுவைத் தொடாமல் இடப்பக்கத்திலேயே ஏறி இறங்கியது. கோணத்தை வேண்டுமென்றேதான் சின்னதாக வைத்தேன். அகலமாக ஆடினால் அலைவு நேரம் கொஞ்சம் கூடிவிடும், சூத்திரம் பொருந்தாது.

பெரிய ஊசலுக்கு நேரம் 1 விநாடி, ஆட்டோ ரிவர்ஸ், ஸ்லைடு முடியும்வரை ரிபீட். போக 1, வர 1, ஆக 2 விநாடி. சின்னதுக்கு அரை விநாடி. ஸ்மூத் ஸ்டார்ட், ஸ்மூத் எண்ட் இரண்டையும் நேரத்தில் பாதிப் பாதியாக வையுங்கள். அது இல்லாவிட்டால் பஸ் கண்ணாடியின் வைப்பர் மாதிரி ஒரே வேகத்தில் போய் முட்டித் திரும்பும். வைத்த பிறகு ஓரத்தில் தயங்கி, நடுவில் விரைகிறது. இரண்டு ஊசலும் ஒன்றாகக் கிளம்ப, இரண்டாவதற்கு வித் ப்ரீவியஸ்.

சரிபார்க்க, ஜன்னல் கம்பியில் நூல் கட்டி ஒரு பூட்டைத் தொங்கவிட்டேன். கம்பியிலிருந்து பூட்டின் நடுவரை 100 செ.மீ. போன் ஸ்டாப்வாட்சில் பத்து ஆட்டத்துக்கு ஏறக்குறைய 20 விநாடி. திரையிலும் அதேதான். மகள் பூட்டையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்பா, ரெண்டும் சேர்ந்தே வருது" என்றாள்.

தலைப்புகளுக்கு கூகுள் ஃபான்ட்ஸில் கிடைக்கும் கட்டமரன் எழுத்துரு போட்டிருக்கிறேன். ஒன்பது தடிமன்களில் வருகிறது, இலவசம். வேறு கணினியில் ஓட்டுவதாக இருந்தால் எழுத்துருவைக் கோப்போடு சேர்த்துச் சேமியுங்கள்.

அலைவுகளை எண்ணிக் காட்டும் எண்பெட்டி இன்னும் வைக்கவில்லை. அதற்குள் மனசு நான்கு வீச்சு எஞ்சினுக்குப் போய்விட்டது. பிஸ்டன் நேராக ஏறி இறங்கும், அதற்கு மோஷன் பாத் போதும். கிராங்க்குக்கு ஸ்பின். இரண்டையும் இணைக்கும் தண்டுதான் ஒரே நேரத்தில் நகரவும் வேண்டும், சாயவும் வேண்டும். சுழற்சியை எட்டு நிலைகளாகப் பிரித்து எட்டு ஸ்லைடு வைத்து, ஒரு ஸ்லைடில் இருக்கும் பொருளை அடுத்த ஸ்லைடின் நிலைக்குத் தானே நகர்த்திக் காட்டும் மார்ஃபில் ஓட்டிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். செலெக்‌ஷன் பேனில் தண்டின் பெயருக்கு முன்னால், எல்லா ஸ்லைடிலும் அது ஒரே பொருள் என்று மார்ஃபுக்குத் தெரிய, இரண்டு ஆச்சரியக்குறி போட்டு, முதல் இரண்டு நிலைகளை நேற்றே வரைந்துவிட்டேன்.