நைட்டினால் கம்பி எங்கே சிக்குகிறது

பல் சீரமைப்பின் முதல் மாதங்களில் நைட்டினால் எனப்படும் நிக்கல்-டைட்டானியம் கம்பிக்கு இணை கிடையாது. 0.014 அங்குல உருண்டைக் கம்பி பல்லில் ஒட்டும் பிராக்கெட்டின் 0.022 அங்குலப் பள்ளத்தில் தளர்வாக உட்கார்ந்து, கோணல் பல்லை மெல்ல இழுத்து வரிசைக்குக் கொண்டுவரும். அதே கம்பியின்மேல் பல்லை வழுக்கி நகர்த்தப் பார்த்தால்தான் சிக்கல்.

உராய்வில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குறைவு, நைட்டினால் நடுத்தரம், பீட்டா டைட்டானியம் என்ற இன்னொரு கம்பி உலோகம் அதிகம். இத்தனைக்கும் நைட்டினால் பரப்புதான் பீட்டா டைட்டானியத்தைவிடச் சொரசொரப்பு! ஆகவே பளபளப்பை மட்டும் பார்த்துக் கம்பி தேர்ந்தெடுக்காதீர்கள்.

பெரிய எதிரி முட்டிப் பிடிப்பது. பல் சாய்ந்ததும் கம்பி பள்ளத்தின் இரு விளிம்புகளிலும் அழுந்தும். விளிம்பு கம்பியில் தழும்பு பதித்துவிட்டால் நகர்வு அங்கேயே நின்றுவிடும். அப்போது இழுவிசையைக் கூட்டுவது தவறு. பல் இன்னும் சாயும், பிடி இன்னும் இறுகும். முதலில் பற்களை மட்டப்படுத்துங்கள். இடைவெளி மூட 0.019 × 0.025 அங்குல ஸ்டீல் கம்பிக்கு மாறுங்கள். கம்பியைப் பிராக்கெட்டில் கட்டும் ரப்பர் வளையம் அதை இறுக்கி அழுத்தும். தளர்வாக முறுக்கிய ஸ்டீல் கட்டு நல்லது.

இன்னொன்று, அமிலத்தன்மையுள்ள ஃபுளோரைடு ஜெல். கம்பியைக் காக்கும் டைட்டானியம் ஆக்சைடு படலத்தை அது அரிக்கும். உள்ளே புகும் ஹைட்ரஜனால் கம்பி நொறுங்கும் தன்மை பெறும். கிளிப் போட்டவர்களுக்கு நடுநிலை ஃபுளோரைடே என் தேர்வு. தழும்பு விழுந்த கம்பியைத் திரும்பப் போடாதீர்கள்.