முள்ளுப் பந்தும் ஸ்பிரிங் வளையமும்

கையை அழுத்தி மசாஜ் செய்யும் சின்ன முள்ளுப் பந்துதான் சுஜோக் பந்து. வாங்கியவர்களில் பலர் அதைத் திறந்தே பார்ப்பதில்லை. இரண்டாகப் பிரியும், உள்ளே இரண்டு ஸ்பிரிங் வளையங்கள் இருக்கும். பாதிப் பயன் அதில்தான்.

மோதிரத்தைக் கழற்றிவிட்டு, வளையத்தை விரல் நுனியில் மாட்டி அடிவரை உருட்டுங்கள், மறுபடி நுனிக்கு. விரலுக்கு அரை நிமிடம் போதும். லேசாகச் சிவந்து கதகதப்பானதும் அடுத்த விரல். வலிக்க வலிக்க உருட்டினால் பலன் கூடும் என்பது தப்புக் கணக்கு. மூட்டில் சிக்கினால் இழுக்காமல், திருகியபடி நகர்த்துங்கள். இழுத்தால் சுருள் விரிந்து இடைவெளி விழும், அடுத்த முறை அதில் தோல் கவ்வும். விரிந்த வளையம் குப்பைக்குத்தான். மாட்டியபடி தூங்கவும் வேண்டாம்.

பந்தை இரு உள்ளங்கைக்கும் நடுவே 2 நிமிடம் உருட்டலாம். மவுஸ் பிடிப்பவர்களுக்கு இறுகுவது கட்டைவிரலின் அடிச்சதை. அங்கே பந்தை வைத்து, மூச்சை வெளியே விடும்போது மட்டும் அழுத்துங்கள். கையில் எண்ணெய் இருந்தால் வழுக்கும்.

கொரியாவின் பார்க் ஜே வூ 1980களில் உருவாக்கிய முறை இது. இந்த விரலுக்கு இதயம், அந்த விரலுக்குக் கிட்னி என்று கூடவே வரும் அட்டையை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். இறுக்கம் தளரும், அவ்வளவே.

சர்க்கரையால் கை மரத்தவர்களுக்கு அழுத்தம் தெரியாது, தோல் கிழிந்த பிறகுதான் தெரியும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களுக்குச் சீக்கிரம் கன்றிப்போகும். இவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்கட்டும்.

வளையத்தை ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிட்டில் துடைத்து ஈரமில்லாமல் வையுங்கள். முலாம் போனால் துருப்பிடிக்கும்.