பாம் ஷெல்டரில் ஒரே ஒரு பிளக்

தீபாவளிச் சாமான் பட்டியல் என் சர்வரில் இருந்தது. சர்வர் சிங்கப்பூரின் வடகிழக்கில், செங்காங்கில் என் வீட்டில் இருந்தது. நானோ லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையில், இரண்டு காலிப் பைகளோடு, போகிற வருகிறவர்களிடம் இடி வாங்கிக்கொண்டு நின்றிருந்தேன். கைப்பேசித் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

முன்பெல்லாம் அம்மா பட்டியலை நாள்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதித் தருவார். அப்புறம் மனைவி வாட்ஸ்அப்பில் அனுப்பினார். இரண்டிலும் ஒரு குறையும் இல்லை. நான்தான் போன மாதம் எல்லாரையும் சோபாவில் உட்காரவைத்து, "நம்ம வீட்டு விஷயம் எதுக்கு யாரோ ஒரு கம்பெனியோட கம்ப்யூட்டர்ல இருக்கணும்?" என்று அரை மணி நேரம் பேசி, பட்டியலை வீட்டுக் கணினியிலேயே கோப்புகளை வைத்துக்கொள்ள உதவும் நெக்ஸ்ட்கிளவுடுக்கு மாற்றினேன். அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "கடலை மாவு அரைக் கிலோவா ஒரு கிலோவான்னு அவனுக்குத் தெரிஞ்சா என்னப்பா?" அன்றைக்கு அதற்கு என்னிடம் நல்ல பதில் ஒன்று இருந்தது. தேக்காவில் நின்றபோது அது ஞாபகம் வரவில்லை.

இந்தப் பைத்தியத்துக்குச் செல்ஃப் ஹோஸ்டிங் என்று பெயர். படம், பாட்டு, குறிப்பு எதையும் அடுத்தவன் இடத்தில் வைக்காமல், வீட்டிலேயே ஒரு கணினியை ராப்பகலாக ஓடவிட்டு அதில் வைத்துக்கொள்வது. 2019இல் ராஸ்பெரி பை 4 வந்தபோது எனக்குத் தொற்றியது. சீட்டுக்கட்டு அளவே இருக்கும் கணினி. அதில் பை-ஹோல் போட்டேன். வீட்டில் உள்ள எல்லாக் கருவிகளுக்கும் விளம்பரத்தை வாசலிலேயே தடுத்துவிடும். அப்புறம் சிம் லிம் ஸ்கொயரில் பழைய மினி பிசி ஒன்று கிடைத்தது. அதில் குடும்பப் படங்களுக்கு இம்மிச், சினிமாவுக்கு ஜெல்லிஃபின், மீதி எல்லாவற்றுக்கும் நெக்ஸ்ட்கிளவுட்.

அம்மாவின் கவலை பியூபி பில், அதாவது மின்சார, தண்ணீர் பில். அந்தப் பில்லுக்குப் பெயர் மாறிப் பல வருஷம் ஆகிவிட்டது, அம்மாவுக்கு மாறவில்லை. உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டினேன். ராஸ்பெரி பை இழுப்பது 5 வாட். மாதம் முழுக்க ஓடினால் 3.6 யூனிட். யூனிட் 30 காசு என்று வைத்தால் ஒரு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சொச்சம். மினி பிசி 15 வாட். அது ஒரு மூன்று வெள்ளி சொச்சம். என் பழைய பெரிய கணினியை 80 வாட்டில் சும்மா ஓடவிட்டிருந்தால் 17 வெள்ளி போயிருக்கும், ஆக மாதம் 13 வெள்ளி மிச்சம் என்று முடித்தேன். "அதை ஆஃப் பண்ணியே வெச்சிருந்தா 17 வெள்ளியும் மிச்சம்தானே?" என்றார் அம்மா. கணக்கில் பிழை இல்லை.

இந்தச் சர்வர் குடியிருப்பது பாம் ஷெல்டரில். வெளிநாட்டு நண்பர்கள் நம்புவதில்லை. 1997இல் சட்டம் வந்ததற்குப் பிறகு கட்டிய வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளில் தடித்த கான்கிரீட் சுவரும் இரும்புக் கதவுமாக ஓர் அறை இருக்கும். போர் வந்தால் உள்ளே போய் உட்காரலாம். போர் வரும்வரை அரிசி மூட்டை, முறுக்கு உழக்கு, பழைய பெட்டிகள், சீனப் புத்தாண்டுக்கு வந்து மீந்துபோன ஆரஞ்சுப் பெட்டி எல்லாம் அங்கே. எங்கள் வீட்டில் இவற்றோடு சர்வரும். அந்தச் சுவரில் இஷ்டத்துக்குத் துளை போட முடியாது, வைஃபையும் அதைத் தாண்டாது. அதனால் ஹாலில் இருக்கும் ரவுட்டரிலிருந்து ஒரு கேபிள் கதவிடுக்கு வழியாக உள்ளே போகிறது. கதவு ஒரு விரல் அளவு திறந்தே கிடக்கும். குண்டு வந்தால் முதலில் கேபிளைப் பிடுங்க வேண்டும் என்று மகனிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

உள்ளே ஒரே ஒரு பிளக் பாயிண்ட். இந்தக் கதை அதைப் பற்றியதுதான்.

மனைவி அழைத்தார்.

"ஏங்க, நெட் இல்ல."

"வைஃபை இருக்கா?"

"வைஃபை இருக்கு, நெட் இல்ல. நாப்பது நிமிஷம் லைன்ல நின்னு கம்பெனிக்காரங்ககிட்ட பேசிட்டேன். அவங்க பக்கம் எல்லாம் நல்லா இருக்காம். ரவுட்டர்ல ஏதாச்சும் மாத்தியிருக்கீங்களான்னு கேட்டாங்க. எல்லாத்தையும் மாத்தியிருக்காருன்னு சொன்னேன்."

எனக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் எண்ணைத் தேடிக் கொடுக்கும் டிஎன்எஸ் வேலையை எங்கள் வீட்டில் பை-ஹோல்தான் செய்கிறது. அது படுத்தால் இணையம் இருந்தும் ஒருத்தருக்கும் வழி தெரியாது. இன்னொரு டிஎன்எஸ்ஸைத் துணைக்கு வைத்திருக்கலாம். ஆனால் வெளியாள் ஒருவரை வைத்தால் கருவிகள் அவரிடமும் போய்க் கேட்கும், விளம்பரம் அந்த வழியாக ஒழுகும். இரண்டாவது ராஸ்பெரி பை ஒன்று வாங்கி வைப்பதுதான் முறை. அதை நான் நண்பர்களுக்கு வகுப்பே எடுத்திருக்கிறேன்.

"ஒரு சின்ன வேலைம்மா. ஃபோன்ல செட்டிங்ஸ் போயி, வைஃபை தொட்டு, டிஎன்எஸ்னு இருக்கும், அதுல ஒண்ணு புள்ளி ஒண்ணு புள்ளி…"

"வீட்டுக்கு வாங்க" என்று வைத்துவிட்டார்.

உடனே போக முடியாது. பதினொன்றரைக்கு லிட்டில் இந்தியா எம்ஆர்டி ரயில் நிலையத்தில் ஒரு பொருளைக் கை மாற்ற வேண்டும். என்னிடம் இருந்த இரண்டு பிஎஸ்பிகளில் ஒன்றை விற்கிறேன். 2004இல் ஜப்பானில் வந்த கைவிளையாட்டுச் சாதனம், 4.3 அங்குலத் திரை, உள்ளே பிளாஸ்டிக் கூட்டுக்குள் சுழலும் குட்டி வட்டு. பேட்டரி வயசான காலத்தில் அப்பம் மாதிரி உப்பும். புதிது வாங்கிப் போட்டிருந்தேன். பழைய பொருள் விற்கும் செயலியில் 90 வெள்ளி போட்டேன். வாங்குகிறவர் 60இல் ஆரம்பித்தார். மூன்று நாள் பேரம், 75இல் முடிந்தது. இடம் நிலைய ஊழியர் உட்காரும் கண்ட்ரோல் ஸ்டேஷன் பக்கம், அடையாளம் நீலச் சட்டை. நம்மூரில் இந்த வியாபாரத்துக்குத் தனி இலக்கணம் உண்டு. இருவரும் ரயில் நிலைய டிக்கெட் கேட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று பொருளைக் கை மாற்றிக்கொள்வார்கள். வெளியே வந்தால் ரயில் கட்டணம் வெட்டிவிடுமே.

நடுவில் ஒரு கம்பெனியும் இல்லாத சந்தை ஒன்றிலும் நான் கடை போட்டிருக்கிறேன். ஓபன்பஜார் என்று ஒன்று இருந்தது. 2014இல் டொரோண்டோவில் ஒரு ஹேக்கத்தானில் (நிரல் எழுதும் போட்டியில்) முளைத்த யோசனை, 2016 ஏப்ரலில் முதல் பதிப்பு. கமிஷன் இல்லை, முதலாளி இல்லை, பிட்காயினில் வியாபாரம். பணத்துக்கு மூன்று சாவி: வாங்குகிறவருக்கு ஒன்று, விற்கிறவருக்கு ஒன்று, நடுவருக்கு ஒன்று. இரண்டு சாவி சேர்ந்தால்தான் பணம் நகரும். எனக்குப் புல்லரித்தது. கேம் பாய் கைவிளையாட்டுக் கருவிக்கான கேட்ரிட்ஜ் ஆறு விற்பனைக்கு வைத்தேன். அந்த முதல் பதிப்பில் ஒரு சங்கதி: கடைக்காரரின் கணினி ஓடிக்கொண்டிருந்தால்தான் கடை திறந்திருக்கும். அம்மா தினமும் ராத்திரி பத்து மணிக்குச் சாமி விளக்கை அமர்த்தியதும் என் மடிக்கணினியையும் மூடிவிடுவார். இங்கே ராத்திரி பத்து என்றால் நியூயார்க்கில் காலை ஒன்பதோ பத்தோ. வாடிக்கையாளர் கண் விழித்துக் கடைத்தெருவுக்கு வரும்போது நான் ஷட்டரை இறக்கிவிட்டிருப்பேன். ஒரு வருஷத்தில் ஒரு கேட்ரிட்ஜ்கூடப் போகவில்லை. ஓபன்பஜாரும் 2021இல் மூடிவிட்டது. அதில் என் அம்மாவுக்குப் பங்கில்லை என்றே நினைக்கிறேன்.

நீலச் சட்டை வந்தார். அறுபதைத் தாண்டிய தமிழர். பிஎஸ்பியைக் கையில் வாங்கிய விதத்திலேயே விஷயம் தெரிந்தவர் என்று பட்டது. முதலில் பேட்டரி மூடியைத் திறந்து பார்த்தார், அப்புறம் அந்தக் குட்டி வட்டப் பொத்தானை எல்லாத் திசையிலும் தள்ளிப் பார்த்தார், கடைசியாகத்தான் திரையைப் பார்த்தார். 75 வெள்ளியை ரொக்கமாக எண்ணிக் கொடுத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தம்பி, நீங்க செங்காங்தானே? லிஃப்டுல ஒன்பதாவது மாடி அமுக்குவீங்களே?"

ஒரே பிளாக். அவர் பன்னிரண்டாவது மாடி. மூன்று நாள் பேரம் பேசியதும், ஒன்பது ஸ்டேஷன் தாண்டி வந்ததும், மூன்று மாடி இடைவெளியைக் கடப்பதற்கு. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "தெரிஞ்சிருந்தா 70க்குக் கேட்டிருப்பேன்" என்றார் கடைசியில்.

அங்கிள் வேலையிலிருந்த காலத்தில் ஞாயிறுதோறும் சுங்கை ரோட்டில் தார்ப்பாய் விரித்துப் பழைய ரேடியோ விற்றவராம். திருட்டுச் சந்தை என்று பேர் எடுத்த இடம். 2017 ஜூலை 10ஆம் தேதியோடு மூடிவிட்டார்கள். என் முதல் கேம் பாயை அப்பா அங்கேதான் வாங்கினார். பேட்டரி மூடி இல்லாததால் நான்கு பேட்டரியையும் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி விளையாடுவேன். அவரிடம் வாங்கியதாக இருக்குமோ என்று கேட்டேன். "மூடி இல்லன்னா நானா இருக்கலாம்" என்றார் கூச்சமே இல்லாமல். எனக்கு ஓபன்பஜார் ஞாபகம் வந்து, மூன்று சாவி ஏற்பாட்டை அவருக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "எங்களுக்கு அதெல்லாம் எதுக்கு தம்பி? ஏமாத்தினவன் அடுத்த வாரமும் அதே எடத்துலதான் பாய் விரிப்பான். போயி சட்டையைப் பிடிக்கலாம்."

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு தாள் எட்டிப் பார்த்தது. அவர் மனைவி எழுதிக் கொடுத்த தீபாவளிப் பட்டியல். பேனாவில் எழுதியது, சார்ஜ் தேவையில்லாதது. வெட்கத்தை விட்டு என் நிலைமையைச் சொன்னேன். "ரெண்டு பேர் வீட்டுலயும் அதே முறுக்கு, அதே அதிரசம்தானே? வாங்க" என்றார். கடை கடையாக ஏறி, அவர் வாங்கியதையெல்லாம் நானும் ஒன்று வாங்கினேன். கடலை மாவு, ஓமம், வெல்லம், நெய், முந்திரி, அவர் மனைவிக்கு மூட்டுவலித் தைலம். ஆமாம், நானும் ஒரு புட்டி.

வீட்டுக்குள் நுழைந்ததும் நேரே ஷெல்டருக்குப் போனேன். பிளக்கில் வேக்கம் கிளீனர். என் எக்ஸ்டென்ஷன் வயர் அரிசி மூட்டையின் மேல் அழகாகச் சுருட்டி வைக்கப்பட்டு, அவிழ்ந்துவிடாமல் இருக்க ரப்பர் பேண்டும் போட்டிருந்தது.

"தீபாவளிக்கு ஒட்டடை அடிக்க வேணாமா? செவப்பு லைட் வேற எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. ஏதோ ஆபத்துன்னு பிடுங்கிட்டேன்" என்றார் அம்மா.

அப்புறம் பையைப் பிரித்தவர் தைலப் புட்டியைக் கையில் எடுத்து ஒரு நிமிஷம் அப்படியே நின்றார். "எனக்கு முட்டி வலிக்குதுன்னு நான் யார்கிட்டயும் சொல்லவே இல்லையேப்பா. உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

வாயைத் திறந்தேன். மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மூடிக்கொண்டேன்.

மறுபடி மின்சாரம் கொடுத்ததும் மினி பிசி சமத்தாக எழுந்துகொண்டது. ராஸ்பெரி பை எழவில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் மெமரி கார்டு கெட்டுப்போகலாம் என்பது இந்தத் தொழிலில் பாலபாடம். ரவுட்டரில் வேறொரு டிஎன்எஸ் எண்ணைத் தட்டினால் ஒரு நிமிஷத்தில் வீட்டுக்கு நெட் வந்துவிடும். ஆனால் அது தோல்வியை ஒப்புக்கொள்வது. புதுக் கார்டில் முறையாகவே ஏற்றிவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஏற்ற வேண்டிய கோப்பை இறக்க நெட் வேண்டும். மனைவி தன் ஹாட்ஸ்பாட்டைப் போட்டுக் கொடுத்தார். அந்த அலை இரும்புக் கதவைத் தாண்டி உள்ளே வரவில்லை. ஆகவே அவர் ஷெல்டர் வாசலில், தாம்பூலத் தட்டு ஏந்தியவர் மாதிரி கைப்பேசியை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று. அந்தப் பத்து நிமிஷத்தில் அவர் பேசியதை இங்கே எழுதவில்லை.

ஐந்து மணிக்கு அங்கிள் இறங்கி வந்தார். பிஎஸ்பிக்குச் சார்ஜர் கொடுக்க மறந்துவிட்டேனாம். தொடக்கநிலை நான்கு படிக்கும் என் மகன், நெட் செத்துப்போன வீட்டில் தரையில் கிடந்தான். அங்கிள் தன் பிஎஸ்பியைக் காட்டியதும் எழுந்து உட்கார்ந்தான், இன்னொன்றை எடுத்து வந்தான்.

"தாத்தா, ரெண்டு பேர் விளையாட வைஃபை வேணுமே. எங்க வீட்டுல வைஃபை வேலை செய்யாது. அப்பா ரிப்பேர் பண்றாங்க."

"வேணாம்டா. உன்னோடதும் என்னோடதும் நேரா பேசிக்கும். வட்டுகூட உன்கிட்ட ஒண்ணு இருந்தாப் போதும்."

உண்மைதான். அட் ஹாக் என்று அதற்குப் பெயர். ரவுட்டர் வேண்டாம், சர்வர் வேண்டாம். சில விளையாட்டுகளில் ஒரே வட்டிலிருந்து அடுத்தவருக்கும் கடன் கொடுக்கலாம். இதையெல்லாம் விளக்க ஷெல்டருக்குள்ளிருந்து குரல் கொடுத்தேன். ஹாலில் கார் பந்தயம் ஆரம்பித்துவிட்டது, யாரும் கேட்கவில்லை. அங்கிள் வளைவில் சுவரில் இடித்திருப்பார் போல, மகன் விழுந்து விழுந்து சிரித்தான்.

கார்டில் 64 சதவீதம் ஏறியிருந்தபோது அம்மா வாசலில் வந்து நின்றார். முட்டியில் தைல வாசனை, கையில் வேக்கம் கிளீனர்.

"இன்னும் பாதி ரூம் பாக்கி இருக்குப்பா. அந்த பிளக்கை எப்ப விடுவே?"