பாலத்த பாத்துட்டு தான் இந்த தடவ போட்டு

இங்கிலாந்துல நார்ஃபோக் பிராட்ஸ்னு ஒரு ஏரியா இருக்கு, ப்யூர், தர்ன், ஆன்ட்னு சின்ன சின்ன ஆறு, நடுநடுவுல ஏரி, தண்ணி மட்டம் மாறி படகு ஏறி இறங்கற லாக் கேட் எங்கயும் கிடையாது, லைசென்ஸ் இல்லாமலே போட்டு (படகு) வாடகைக்கு எடுத்து ஒரு வாரம் அதுலயே சமைச்சு தூங்கி சுத்தலாம். அந்த ஏரி எல்லாம் இயற்கையா வந்ததுன்னு தான் ரொம்ப நாளா நெனச்சிட்டு இருந்தாங்க, நூத்துக்கணக்கான வருஷம் முன்னாடி ஜனங்க எரிக்கறதுக்கு பீட்னு சொல்ற, செடி மக்கிப்போன மண்ண வெட்டி எடுத்த குழிதான் தண்ணி நெறஞ்சு இப்படி ஆயிருக்குன்னு 1950கள்ல தான் கண்டுபிடிச்சாங்க.

போன ஜூன்ல நாங்க போனப்போ எங்க ஆசையெல்லாம் ஹிக்லிங் ஏரி மேல தான். இருக்கறதுலயே பெருசு அது. ஆனா போட்டுல அங்க போகணும்னா பாட்டர் ஹையம் பாலத்துக்கு அடியில நுழைஞ்சே ஆகணும், வேற வழி கிடையாது. 1385னு சொல்ற பழைய கல் பாலம். வாடகை போட்டா இருந்தா அந்த எடத்துல நம்மள ஓட்ட விடமாட்டாங்க, அங்க இருக்கற பைலட் ஏறி அவரே ஓட்டிட்டு போவார்.

பாலத்துகிட்ட தண்ணிக்குள்ள ஒரு கேஜ் போர்டு நிக்கும். தண்ணி எந்த நம்பர தொடுதோ அவ்ளோ தான் அடியில இடம், தண்ணி ஏற ஏற நம்பர் கொறையும். எங்க போட்டுக்கு 6 அடி 9 இன்ச் வேணும், போர்டுல 6 அடி 3 இன்ச். பைலட் போர்ட பாத்தார், எங்க போட்டோட முன்பக்க கண்ணாடிய பாத்தார், தலைய ஆட்டிட்டார். மறுநாள் காலைல திரும்ப வந்து பாத்தோம், தண்ணி ஒரு இன்ச் தான் எறங்கியிருந்துச்சு. சின்னவ அழுதே விட்டா. புக் பண்ணும்போது "பெரும்பாலும் போயிடும்"னு போட்டு வாடகைக்கு விடற யார்டுல சொன்னத நம்பிதான் எடுத்தோம், எனக்கு இன்னமும் கோவம் தான்.

அதனால இந்த வருஷம் மொதல்ல பாலம், அப்புறம் தான் போட்டு. உயரம் மட்டும் பாத்தா போதாது மக்களே, இந்த பாலத்தோட வளைவு நடுவுல மட்டும் தான் உசரம், ரெண்டு பக்கமும் சட்டுனு சரியும், கேபினோட மேல் ஓரம் அகலமா இருந்தா நடு உச்சில இடம் இருந்தும் தோள்பட்டை கல்லுல ஒரசும். அதனால கூரைய மடக்கி கண்ணாடிய படுக்க வெக்கற மாதிரி, மேல குறுகலா இருக்கற பழைய டைப் போட்டா தேடிட்டு இருக்கேன். உள்ள மச்சான் குனிஞ்சு தான் நடக்கணும், பரவால்லன்னுட்டார்.

இன்னொன்னு, அங்க டைட், அதாவது கடலோட ஏத்த எறக்கம், சில இன்ச் தான், அத மட்டும் நம்பி லோ டைட்டுக்கு போய் நின்னா போதும்னு நெனக்காதீங்க. மழை நல்லா பெஞ்சிருந்தாலோ, வடகடல்ல காத்து தண்ணிய உள்ள தள்ளிச்சுன்னாலோ ஆத்து தண்ணி வடிய எடமில்லாம நாள் கணக்குல அப்படியே நிக்கும். முன்னாடி சுலபமா போன போட்டு நெறைய இப்ப போக முடியறதில்ல.

அதான் ஒரு வாரத்துல ரெண்டாவது நாளே பாலத்துக்கு போயிடறோம், முடியலன்னா நடுவுலயும் கடைசிலயும் இன்னும் ரெண்டு காலை இருக்கு. உள்ள போயிட்டா ஒரு ராத்திரிக்கு மேல தங்க மாட்டோம், தண்ணி ஏறிடுச்சுன்னா அந்தப் பக்கமே மாட்டிக்குவோம். கடலோர ஊரான யார்மத் பக்கம் இந்த தடவ வேண்டாம், அங்கயும் ரெண்டு பாலம் தாழ்வா இருக்கு, லோ டைட் நேரத்துக்கே ஒரு நாள் போயிடும்.

மூணு காலையும் போர்டு கை விட்டுச்சுன்னா ஆன்ட் ஆத்துல திரும்பிடுவோம். லட்ஹம் பாலத்துல 8 அடிக்கு மேல இடம் இருக்கு, அத தாண்டினா ஹௌ ஹில்னு ஒரு இயற்கை சரணாலயம். இங்கிலாந்துல இந்த பிராட்ஸ விட்டா வேற எங்கயும் இல்லாத ஸ்வாலோடெயில் பட்டாம்பூச்சி அங்கயும் வரும், மே கடைசிலருந்து ஜூலை பாதி வரைக்கும். சின்னவ ஹிக்லிங் கேட்டதே அதுக்கு தான். ஜூன் ரெண்டாவது வாரத்துக்கு லீவு போட்டாச்சு.