மூணு வயலின், வாசிக்க ஆளே இல்ல

ஃப்ராங்ஃபர்ட்ல இருந்து ரயில்ல ஒரு மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல போனா ரைன் நதிக்கரைல ரூடஸ்ஹைம். வைன் குடிக்கவும், ட்ரோசல்காஸன்னு ஒரு குறுகலான சந்துல கூட்டத்தோட கூட்டமா இடிபடவும் தான் எல்லாரும் அங்க போவாங்க, நாங்களும் அதுக்குத்தான் போனோம். நல்ல மழை பிடிச்சுக்கிச்சு, ஒதுங்கப் போய் நுழைஞ்சது தான் இந்த மெக்கானிக்கல் இசைக்கருவி மியூசியம்.

1969ல ஸீக்ஃப்ரீட் வெண்டல்ங்கிறவர் ஆரம்பிச்சது. ப்ரோம்ஸர்ஹோஃப்னு பழைய பிரபு வீட்டுல சுமார் 350 கருவி வச்சிருக்காங்க. நாமளா சுத்த முடியாது, கைடு பின்னாடியே போகணும், முதல்ல எனக்கு அது எரிச்சலா இருந்துச்சு. ஆனா அந்தம்மா ஒவ்வொண்ணா சாவி குடுத்து ஓட விட ஆரம்பிச்சதும் வாய மூடிக்கிட்டேன்.

முதல்ல ம்யூசிக் பாக்ஸ். பித்தளை உருளை மேல பொடிப்பொடியா முள்ளு, அது சுத்தச் சுத்த சீப்பு மாதிரி இருக்கற எஃகுப் பல்ல நெம்பி விடும், அவ்ளோதான் விஷயம். அப்புறம் லைப்சிக்ல செஞ்ச பாலிஃபோன், இதுல உருளைக்கு பதிலா ஓட்டை போட்ட பெரிய தகடு, தகட்ட மாத்தினா பாட்டு மாறிடும்.

நான் அசந்து போனது ஹூப்ஃபெல்ட்னு ஒரு ஜெர்மன் கம்பெனி செஞ்ச வயலினா கிட்ட தான். பியானோவுக்கு மேல ஒரு அலமாரி, அதத் திறந்தா மூணு வயலின் செங்குத்தா தொங்குது, சுத்தி வளையமா ஒரு வில், அதுல ஆயிரத்துக்கு மேல குதிரை முடி. வில்லு நிக்காம சுத்திக்கிட்டே இருக்கு, வயலின் தான் சாஞ்சு போய் அத உரசுது! விரல் வேலையெல்லாம் காத்தழுத்தத்துல, எப்ப எந்த விரல்னு சொல்றது ஓட்டை போட்ட காகிதச் சுருள். 1910 ப்ரஸ்ஸல்ஸ் கண்காட்சில இத உலகத்தோட எட்டாவது அதிசயம்னாங்களாம், சரி அவங்க சொல்லாம வேற யாரு சொல்லுவா.

வெல்ட்டே மின்யோன் பியானோ வேற மாதிரி. அந்தக் கால கலைஞர்கள் வாசிச்சத, எவ்ளோ அழுத்தி வாசிச்சாங்கன்றது வரைக்கும் சுருள்ல பதிஞ்சு வச்சிருக்காங்க. நார்வே இசையமைப்பாளர் க்ரீக் 1906ல பதிஞ்சார், அடுத்த வருஷமே போய்ட்டார். ஆளில்லாம கட்டை மட்டும் கீழ இறங்கி ஏறுறத பாக்கறப்ப லேசா பயமாத்தான் இருந்துச்சு.

கிராமஃபோனும் ரேடியோவும் வந்து இந்தத் தொழிலையே மூடிடுச்சு.

என் வீட்டம்மா சின்ன வயசுல ஆறு வருஷம் வயலின் கத்துக்கிட்டவ. வெளிய வர்றப்ப கைடு கிட்ட, இதுக்கு சுருதி யாருங்க சேக்கறதுன்னு கேட்டா. அத மட்டும் கையால தான்னு சிரிச்சாங்க. மழை ஈரத்துல ஒரு வயலின் லேசா இறங்கி இருந்துச்சுன்னு ரயில்ல வீடு வர்ற வரைக்கும் சாதிச்சுக்கிட்டே வந்தா.